46 ஆண்டு காணாமல் போன கிரெட்ஷ்: ஒரு கிட்டார் திருட்டும் கேள்வி கேட்காத சந்தையும்

2022 ஜூலை 1, கனடா நாள். டோக்கியோவில் உள்ள கனடா தூதரகத்தில் இரண்டு இசைக்கலைஞர்கள் கிட்டாரை மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் ராண்டி பாக்மேன். அப்போது அவருக்கு 78 வயது. கெஸ் ஹூ, பாக்மேன்-டர்னர் ஓவர்டிரைவ் என்ற இரண்டு ராக் குழுக்களால் கனடா முழுக்கத் தெரிந்தவர். இன்னொருவர் தக்கேஷி, ஜப்பானியர். தக்கேஷி கொடுத்தது 1957ல் செய்யப்பட்ட, அமெரிக்க நிறுவனமான கிரெட்ஷின் ஆரஞ்சு நிற 6120 மாடல் கிட்டார். 1976ல் டொரான்டோ ஓட்டல் ஒன்றில் பாக்மேனிடமிருந்து திருடு போன அதே கிட்டார். பாக்மேன் பதிலுக்குக் கொடுத்தது, அது செய்யப்பட்ட அதே வாரத்தில் செய்யப்பட்ட இன்னொரு 6120.

உலகம் முழுக்கப் பத்திரிகைகள் இதை நெகிழ்ச்சியான செய்தியாக வெளியிட்டன. நெகிழ்ச்சியானதுதான், சந்தேகமில்லை. ஆனால் பழைய கிட்டார்கள் எப்படிக் கைமாறுகின்றன என்று கவனித்து வருகிறவர்களுக்கு இந்த நிகழ்வில் வேறொரு பக்கமும் உண்டு. டொரான்டோவில் திருடப்பட்ட கிட்டார், டோக்கியோ கடையில் விலை போட்டு நிற்கும் வரை வழியில் யாரோ விற்றார்கள், யாரோ வாங்கினார்கள். ‘இதற்கு முன்னால் இது யாரிடம் இருந்தது’ என்ற கேள்வியை அவர்களில் ஒருவர் கேட்டு, கிடைத்த பதிலையும் சரிபார்த்திருந்தால் இது எப்போதோ வீடு திரும்பியிருக்கும். கடைசியில் இதைக் கண்டுபிடித்தது போலீஸும் இல்லை, அந்தத் தொழிலில் இருப்பவர்களும் இல்லை. வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ரசிகர், இரண்டே வாரத்தில் கண்டுபிடித்தார். 46 ஆண்டுக்கும் இரண்டு வாரத்துக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

திருட்டு நடந்த விதம்

பாக்மேன் பிறந்து வளர்ந்தது வின்னிபெக்கில். 19 வயதில் இந்தக் கிட்டாரை 400 டாலருக்கு வாங்கினார். அக்கம்பக்கத்தில் புல் வெட்டி, கார் கழுவிச் சேர்த்த பணம். 1960களின் தொடக்கத்தில் ஒரு வின்னிபெக் பையனுக்கு அது பெரிய தொகை. அமெரிக்க கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் பெயரைத் தாங்கி வந்த 6120 மாடலுக்கு அப்போதே தனி மவுசு இருந்தது. அந்தக் கால ராக் கலைஞர்கள் எடி காக்ரனும் டுவேன் எடியும் வாசித்தது இந்த மாடலைத்தான். உள்ளே குடைவான உடல், ஆரஞ்சுப் பூச்சு, தந்திகளை அசைக்கிற பிக்ஸ்பி கைப்பிடி. மேடையில் பின்வரிசையிலிருந்து பார்த்தாலே இன்ன மாடல் என்று சொல்லிவிடலாம்.

பாக்மேன் அதை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார் என்பதற்கு ஒரு விவரம் போதும். பழுதான வண்டியை இழுக்கப் பயன்படும் கனத்த இரும்புச் சங்கிலி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தங்கும் ஓட்டல்களில் கிட்டார் பெட்டியைக் கழிவறைப் பீங்கானோடு சேர்த்துக் கட்டிப் பூட்டுவார். அப்படிப்பட்டவரிடமிருந்துதான் அது போனது. ஓட்டலைக் காலி செய்கிற அவசரத்தில் குழுவின் உதவியாளர் ஒருவர் மற்ற மூட்டைகளோடு அதையும் அறையில் வைத்துவிட்டுக் கணக்கை முடிக்கப் போனார். சில நிமிடங்கள்தான். திரும்பி வந்தபோது கிட்டாரைக் காணவில்லை.

மூன்று நாள் அழுததாகப் பாக்மேன் பிறகு சொல்லியிருக்கிறார். போலீஸில் புகார் கொடுத்தார். கனடாவிலும் அமெரிக்காவிலும் பழைய கிட்டார் விற்கும் கடைகளுக்கெல்லாம் தகவல் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கண்ணில் பட்ட கிரெட்ஷ் கிட்டார்களை எல்லாம் வாங்க ஆரம்பித்தார். ஏறக்குறைய 300 கிட்டார்கள் சேர்ந்தன. அவற்றில் எதுவும் பழையதன் இடத்தை நிரப்பவில்லை.

திருட்டுக் கிட்டார் நல்ல கிட்டார் ஆவது

1976ல் ‘வின்டேஜ் கிட்டார்’, அதாவது பழைய கிட்டாரை அரிய பொருளாக வாங்கி விற்பது, என்ற தொழிலே இளசாக இருந்தது. அந்தத் தொழிலில் பேர்பெற்ற ஜார்ஜ் குரூன் நாஷ்வில்லில் கடை திறந்தது 1970ல். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நார்மன் ஹாரிஸின் கடை தொடங்கியது 1975ல். அதுவரை 20 ஆண்டுப் பழைய கிட்டார் என்றால் வெறும் பழைய கிட்டார்தான். பெரிய இசைக்குழுக்களின் கையில் அவை தெரிய ஆரம்பித்த பிறகு, 1950களின் கிப்சன், ஃபெண்டர், கிரெட்ஷ், மார்ட்டின் ஆகியவற்றின் விலை புதுக் கிட்டாரைத் தாண்டி ஓடியது. விலை ஓடிய வேகத்துக்குப் பதிவேடுகள் ஓடவில்லை. காருக்கு இருப்பது போல உரிமைப் புத்தகம் கிட்டாருக்குக் கிடையாது. கைமாறும்போது எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. திருடு போன கிட்டார்களுக்கென்று எல்லா வியாபாரிகளும் பார்த்தே ஆக வேண்டிய ஒரே பட்டியல் என்று இன்றுவரை ஒன்றும் இல்லை.

வரிசை எண் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1950களில் கிப்சன் செய்த லெஸ் பால் என்ற மாடலில் தலைப்பகுதியின் பின்புறம் மையால் குத்திய எண். அந்த இடத்தைத் தேய்த்து மறுபடி பூச்சடித்தால் எண் போய்விடும். அந்தக் கால ஃபெண்டரில் கழுத்தை உடலோடு பிடித்து வைக்கும் இரும்புத் தகட்டில் எண் இருக்கும். நான்கு திருகைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும், வேறொன்றை மாட்டலாம். 1957 கிரெட்ஷில் உடலுக்குள்ளே ஒட்டிய காகித லேபிளில் எண் இருக்கும். பசை காய்ந்து லேபிள் தானாகவே விழுந்துபோன கிரெட்ஷ்கள் ஏராளம். ஆகவே ‘லேபிள் இல்லை’ என்பது இந்தச் சந்தையில் யாரையும் திடுக்கிட வைக்காது. கிரெட்ஷ் நிறுவனமும் 1967ல் பால்ட்வின் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய், 1970ல் புரூக்ளினை விட்டு ஆர்கன்சாவின் பூன்வில்லுக்கு மாறி, 1973ல் அங்கே தீ விபத்தையும் பார்த்தது. எந்தக் கிட்டார் எந்தக் கடைக்குப் போனது என்று தொழிற்சாலைப் பதிவைப் புரட்டித் தெரிந்துகொள்ளும் வசதி இந்தக் கிட்டார்களுக்கு இல்லை.

பொதுவாகத் திருட்டுக் கிட்டாரின் பாதை இப்படிப் போகும். முதல் விற்பனை மலிவாக நடக்கும். திருடனுக்கு வேண்டியது கைக்காசு, அவனுக்குப் பெரும்பாலும் பொருளின் மதிப்பே தெரியாது. அடுத்த கை கொஞ்சம் விவரம் தெரிந்த கை. மூன்றாவது கை ஊர்விட்டு ஊர் நடக்கும் கிட்டார் கண்காட்சியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். அங்கே வியாபாரிக்கு வியாபாரி ரொக்கத்தில் கைமாறும். ஒரே நாளில் மூன்று முறை விலை ஏறுவதும் நடக்கும். கண்காட்சி முடிந்து வண்டியில் ஏறும்போது அந்தக் கிட்டாருக்கு ஒரு பூர்வீகமும் கிடைத்திருக்கும். ‘ஒரு பெரியவர் புதிதாக வாங்கியது, அவர் போன பிறகு வீட்டார் கட்டிலுக்கு அடியில் கண்டெடுத்தார்கள்’ என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கேட்டுப் பழகிய கதை. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும் என்பதுதான் கஷ்டம். உண்மையாகவே கட்டிலுக்கு அடியில் கிடைத்த கிட்டார்கள் இருப்பதால்தான் பொய்க் கதையும் விலை போகிறது.

எல்லா வியாபாரிகளையும் இதில் சேர்க்கக் கூடாது. இந்தத் தொழிலில் நேர்மையானவர்கள் நிறைய உண்டு. ஒரு கிட்டாரைப் பிரித்துப் பார்த்து, எந்தப் பாகம் அசல், எது மாற்றியது என்று எழுதிக் கொடுப்பவர்கள். நேர்மையற்றவர்களிலும் ஒரே ரகம் இல்லை. தெரிந்தே திருட்டுப் பொருளை வாங்குகிறவர் ஒருவர். விற்றுத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டு, விற்ற பிறகு சொந்தக்காரருக்குப் பணம் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர் இன்னொருவர். அவர் கடையை மூடிவிட்டுப் போனால் கிட்டாரும் போச்சு, பணமும் போச்சு. புதுப் பூச்சை அசல் பூச்சு என்று சொல்லி விற்பவர் மற்றொருவர். மறுபூச்சு அடித்த கிட்டாரின் விலை அசலில் ஏறத்தாழப் பாதி என்பது சந்தையில் பொதுவான கணக்கு என்பதால், அந்த ஒரு பொய்யிலேயே பல ஆயிரம் டாலர் புரளும்.

இவர்கள் எல்லோரையும்விட எண்ணிக்கையில் அதிகம் இருப்பவர் கேட்காமல் இருப்பவர். அவரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். அவர் திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கும்படி வாங்குகிறார். விற்பவரின் அடையாள அட்டையைப் பார்ப்பதில்லை. ரசீதில் பெயர் எழுதுவதில்லை. ‘எங்கே வாங்கினீர்கள்’ என்று கேட்டாலும் பதிலைக் காகிதத்தில் வாங்குவதில்லை. இதே ஆள், ஒலி அளவைத் திருகும் குமிழுக்குக் கீழே உள்ள ‘பாட்’ என்ற மின்பாகத்தின் அடியில் இருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். 304 என்றால் அதைச் செய்த நிறுவனம் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ், அடுத்த எண்கள் அதைச் செய்த ஆண்டும் வாரமும் என்று தலைகீழாகச் சொல்வார். ஈயப் பற்றவைப்பு தொடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். இருட்டறையில் புற ஊதா விளக்கு அடித்து, பழைய கிட்டார்களில் அடித்த நைட்ரோ லாக்கர் என்ற பூச்சு மஞ்சள் பச்சையாக ஒளிர்கிறதா, நடுவில் எங்காவது கறுத்த திட்டு தெரிகிறதா என்று அங்குலம் அங்குலமாகச் சோதிப்பார். கிட்டாரின் உடம்பைப் பற்றி இவ்வளவு கேள்வி கேட்கிறவர், அதைக் கொண்டு வந்த ஆளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. முதல் வகைக் கேள்விகளின் பதில் விலையைக் கூட்டலாம். இரண்டாவது கேள்வியின் பதில் விலையை இல்லாமலே ஆக்கிவிடலாம். இதை நான் அலட்சியம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இது கணக்குப் போட்டு வைத்திருக்கும் மௌனம்.

எல்லை தாண்டினால் மௌனம் இன்னும் எளிது. 1980களில் யென்னின் மதிப்பு ஏறிய பிறகு ஜப்பானிய வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் அமெரிக்காவின் பழைய கிட்டார்களைக் கொத்துக் கொத்தாக வாங்கினார்கள். டோக்கியோவின் ஒச்சனோமிசு பகுதியில் தெரு நெடுக கிட்டார் கடைகள். அங்கே வரும் கிட்டாரோடு அமெரிக்க விற்பனையாளரின் ரசீது ஒன்று வரும், அதோடு வரலாறு முடிந்துவிடும். பாக்மேனின் கிட்டாரை வைத்திருந்த டோக்கியோ கடை தெரிந்து தவறு செய்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. 2014ல் அங்கே தக்கேஷி அதை வாங்கியபோது திருட்டுக்கு 38 வயது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தைய கண்ணியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும்போது, கடைசியில் வாங்குகிறவர் நல்லவராக இருந்தும் திருட்டுப் பொருள் அவர் கைக்கு வந்துவிடுகிறது.

மரத்தில் இருந்த மறு

2020ல் கொரோனா காலம். பாக்மேன் தொலைந்த கிட்டாரைப் பற்றிப் பேசிய காணொளி ஒன்றை, முன்பு அவருக்கு அண்டை வீட்டுக்காரராக இருந்த ஒரு கனடா ரசிகர் பார்த்தார். வீட்டிலேயே அடைந்து கிடந்த நேரம். தேடிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தார்.

அவர் தேர்ந்தெடுத்த அடையாளம் எண் கிடையாது, மரம். பாக்மேன் பழைய நாளில் அதை வாசித்த படங்களிலும் காட்சிகளிலும் கிட்டாரின் முகப்பு மரத்தில் ஒரு சின்னக் கறுத்த கணு தெரிந்தது. மனித முகங்களை ஒப்பிடும் மென்பொருள் ஒன்றை இந்த வேலைக்கு ஏற்ற மாதிரி மாற்றி, இணையத்தில் கிடைத்த ஆரஞ்சு நிற 6120களின் படங்களோடு ஒப்பிட்டுக்கொண்டே போனார். சுமார் 300 படங்களை ஒவ்வொன்றாகக் கழித்தார். டோக்கியோ கடை ஒன்று முன்பு விற்பனைக்காகப் போட்டிருந்த படத்தில் அந்தக் கணு இருந்தது. அங்கிருந்து தேடியபோது 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த ஒரு காணொளி கிடைத்தது. அதில் தக்கேஷி அந்தக் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தார்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரே பலகையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு துண்டுகளில்கூட ரேகை அப்படியே ஒன்றாக இருக்காது. பூச்சை மாற்றலாம், தந்தியின் அதிர்வை மின் ஒலியாக்கும் பிக்அப்பை மாற்றலாம், கைப்பிடியை, தந்தியை முறுக்கும் சாவிகளை, லேபிளை மாற்றலாம். ஒளி ஊடுருவும் பூச்சு அடித்த கிட்டாரில் முகப்பு மரத்தின் ரேகையை மட்டும் மாற்ற முடியாது. 1958 முதல் 1960 வரை வந்த லெஸ் பால்களைச் சேகரிப்பவர்கள் பல ஆண்டுகளாகவே இப்படித்தான் அடையாளம் காண்கிறார்கள். மேப்பிள் முகப்பில் தீநாக்கு மாதிரி ஓடும் கோடுகளைப் பழைய மேடைப் படத்தோடு வைத்து, இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவார்கள். பிரபலத்தின் கிட்டார் என்று நிரூபித்தால் விலை பல மடங்கு என்பதால் அந்த உழைப்பை மனமுவந்து போடுகிறார்கள். அதே கண்களும் அதே முறையும் திருட்டைக் கண்டுபிடிக்கவும் உதவும். பாக்மேன் கிட்டாரின் விஷயத்தில் அந்த வேலையைச் செய்ய, காசு எதிர்பார்க்காத ஒருவர் வர வேண்டியிருந்தது.

கிட்டார் தக்கேஷியுடையது

கண்டுபிடித்தாயிற்று. அடுத்து என்ன? போய்க் கேட்டு வாங்கிவிடலாம் என்று தோன்றும். ‘தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது’ என்பது கனடா, அமெரிக்கா, இந்தியா என்று ஆங்கிலேயச் சட்ட வழி வந்த நாடுகளில் அடிப்படை. திருடனுக்கு உரிமை இல்லை, ஆகவே அவனிடம் வாங்கியவருக்கும் இல்லை. ஜப்பானியச் சட்டம் வேறு வழியில் போகிறது. அங்கே சிவில் சட்டத்தின் 192ஆம் பிரிவுப்படி, வியாபாரத்தில் நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவு இல்லாமலும் ஒரு பொருளை வாங்கிக் கைக்கொண்டவருக்கு உடனே உரிமை வந்துவிடும். பொருள் திருட்டுப் போனதாக இருந்தால், 193ஆம் பிரிவுப்படி பறிகொடுத்தவர் திருட்டு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் திருப்பிக் கேட்கலாம். அந்த இரண்டு ஆண்டுக்குள் கேட்டாலும், வாங்கியவர் அந்த வகைப் பொருளை விற்கும் வியாபாரியிடம் வாங்கியிருந்தால், 194ஆம் பிரிவுப்படி அவர் கொடுத்த விலையைக் கொடுத்துத்தான் மீட்க முடியும்.

பாக்மேனின் இரண்டு ஆண்டு 1978லேயே முடிந்தது. தக்கேஷி கடையில் விலை கொடுத்து வாங்கியவர். இந்தப் பிரிவுகளை வைத்துப் பார்த்தால் அந்தக் கிட்டார் அவருடையது. கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் ஜப்பானில் பாக்மேனுக்குப் பெரிய வழி எதுவும் இருந்திருக்காது.

பாக்மேன் வழக்குப் பக்கம் போகவே இல்லை. அவருடைய மகனின் துணைவியார் ஜப்பானியர். அவர் மொழிபெயர்க்க, இருவரும் காணொளி அழைப்பில் பேசினார்கள். பேச்சில் ஒரு முடிவு வந்தது: இதற்கு ஈடான இன்னொரு 6120 கிடைத்தால் தக்கேஷி மாற்றிக்கொள்வார். ஈடு என்றால் சும்மா இல்லை. 1957ஆம் ஆண்டுடையதாக இருக்க வேண்டும், அதே நிலையில் இருக்க வேண்டும், பாகங்கள் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. தேடியதில் ஒஹையோ மாநிலத்தில் ஒன்று கிடைத்தது. அதே வாரத்தில் செய்தது, வரிசை எண்ணும் மிக அருகில், பழுதுபார்த்த தடம் இல்லை. 60 ஆண்டுக்கு மேலான ஒரு கிட்டாருக்கு இப்படி ஒரு இரட்டை கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். கொரோனா கட்டுப்பாடுகள் தளரக் காத்திருந்து, 2022ல் டோக்கியோவில் மாற்றிக்கொண்டு, இருவரும் சேர்ந்து மேடையில் வாசித்தார்கள்.

அன்று தக்கேஷி சொன்னதில் ஒன்று என் மனதில் நிற்கிறது. தான் அதை எட்டு ஆண்டுதான் வைத்திருந்ததாகவும், கொடுக்க மிகவும் வருத்தமாக இருப்பதாகவும் சொன்னார். ஆனால் பாக்மேன் 46 ஆண்டு வருந்தியிருக்கிறார், இனி வேறொருவர் வருந்துவதுதான் முறை என்றார். புதிதாக வந்த கிட்டாரைப் பழையதைப் போல நேசிக்கக் கொஞ்ச நாள் ஆகலாம் என்பதையும் மறைக்கவில்லை. சட்டம் தன் பக்கம் இருந்தும் விட்டுக்கொடுத்தவர் அவர். பணமாகப் பார்த்தால் ஈடான கிட்டார் கிடைத்துவிட்டது. மனதளவில் இந்த மொத்த விவகாரத்தில் ஏதோ ஒன்றை இழந்த கடைசி ஆள் தக்கேஷிதான். அந்த இழப்பை அவர் தலையில் கட்டியது 1976ல் திருடியவன் மட்டும் இல்லை, நடுவில் கேட்காமல் வாங்கி விற்ற ஒவ்வொருவரும்தான்.

வேறு மூன்று கிட்டார்கள்

லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் கதை இதற்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது. 1962ல் 185 பவுண்டுக்கு வாங்கிய கறுப்பு லெஸ் பால் கஸ்டம். அதில் அவர் கூடுதல் ஸ்விட்சுகள் வைத்து மாற்றியிருந்தார். 1970 ஏப்ரலில், லெட் செப்பலின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது, மினியாபோலிஸ் விமான நிலையத்தில் அது காணாமல் போனது. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பார்த்தும் பலன் இல்லை. 1990களில் அதே பகுதியில் ஒரு கிட்டார் கடைக்கே அது வந்து சேர்ந்தது. கடைக்காரருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் ஸ்விட்சுக்காகப் போட்ட ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. யாரோ அவற்றைக் கச்சிதமாக அடைத்து, மேலே கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். அடைப்பின் தடம் தெரிந்து உறுதியாகி, கிட்டார் பேஜின் கைக்குத் திரும்பியது 2015ல். இங்கே கவனிக்க வேண்டியது பூச்சின் நிறம். பாக்மேனின் ஆரஞ்சுப் பூச்சுக்குக் கீழே மரம் தெரிந்தது. பேஜின் கிட்டாரில் கறுப்பு எல்லாவற்றையும் மூடிவிட்டது. கேள்வி கேட்கிற கடைக்காரர் ஒருவர் இருந்தும் அங்கே பல ஆண்டுகள் பிடித்தன.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியுடைய ஹாஃப்னர் பேஸ் கிட்டார் வேறு வகை. 1961ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கியது. 1972 அக்டோபரில் லண்டன் லாட்புரோக் குரோவ் பகுதியில் நின்ற வேனிலிருந்து திருடு போய், அக்கம்பக்கத்து மதுக்கடைக்காரர் ஒருவரிடம் விற்கப்பட்டு, குடும்பத்துக்குள்ளேயே கைமாறி, ஒரு வீட்டின் பரணில் கிடந்தது. அது திரும்பக் கிடைத்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. அது வியாபாரிகள் கைக்கு வரவே இல்லை. அதனால்தான் பூச்சும் பாகங்களும் பெரிதாக யார் கையும் படாமல் தப்பின என்று நினைக்கிறேன்.

மூன்றாவது இன்னும் முடியாத விவகாரம். 1964ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் வாசித்த 1959 லெஸ் பால். 2025 மே மாதம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், சேகரிப்பாளர் டர்க் ஸிஃப் 500க்கும் மேற்பட்ட கிட்டார்களைத் தங்களுக்கு அளிப்பதாக அறிவித்தது. அதில் இதுவும் ஒன்று. அதே குழுவின் முன்னாள் கிட்டார் கலைஞர் மிக் டெய்லரின் தரப்பு, இது 1971ல் தன்னிடமிருந்து திருடு போனது என்கிறது. அருங்காட்சியகம் அதை ஏற்கவில்லை. கிட்டாரின் உரிமை வரலாறு நன்றாகவே பதிவாகியிருக்கிறது என்கிறது. யார் சொல்வது சரி என்பது ஆவணங்களை வைத்து முடிவாக வேண்டியது. இங்கேயும் எந்த ஊர்ச் சட்டம் என்பது பெரிய கேள்வி. இங்கிலாந்தின் 1980ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, திருட்டுப் பொருளை ஒருவர் நல்லெண்ணத்தோடு வாங்கி ஆறு ஆண்டு கழிந்தால் பழைய சொந்தக்காரரின் உரிமையே அழிந்துவிடும். 1995 வரை அங்கே இன்னொரு பழைய விதியும் இருந்தது. சில பாரம்பரியச் சந்தைகளில் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவில் நல்லெண்ணத்தோடு வாங்கினால், திருட்டுப் பொருளானாலும் வாங்கியவருக்கே சொந்தம். நியூயார்க்கில் இதற்கு நேர் எதிர். நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடம் சொந்தக்காரர் கேட்டு, அவர் மறுத்த நாளிலிருந்துதான் காலக்கெடுவே ஓட ஆரம்பிக்கும். கேட்காமல் அதிக காலம் சும்மா இருந்ததால் எதிர்த்தரப்புக்குப் பாதிப்பு என்று வாதாடலாம், அது தனி. ஒரே கிட்டார் ஒரு நகரத்தில் ஒருவருக்கும் இன்னொரு நகரத்தில் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்க முடியும் என்பதைத் தெரிந்து வைத்திருக்கும் வியாபாரிகள், பொருளை எந்த ஊரில் வைத்து விற்பது என்று யோசித்தே விற்பார்கள்.

கடைகள் என்ன செய்ய முடியும்

ஜப்பானில் பழைய பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். 1949ல் வந்த சட்டம். விற்க வருகிறவரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அடகுக் கடைகளும் இப்படிப் போலீஸுக்குக் கணக்குக் கொடுக்கின்றன. கிட்டார் கண்காட்சி மேசைகளுக்கும் தனியாள் விற்பனைகளுக்கும் இந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. விலை அதிகமான பொருள்கூட அங்கே பெயர் எழுதாத ரொக்கத்தில் போகிறது. அடகுக் கடைக்கு இருக்கும் விதியைக் குறிப்பிட்ட விலைக்கு மேல் விற்கும் எல்லா வியாபாரிகளுக்கும் நீட்டினாலே பாதித் திருட்டுக் கிட்டார்களுக்கு முதல் விற்பனையிலேயே தடை விழும் என்பது என் கருத்து.

அதுவரை வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும். விலை அதிகமான பழைய கிட்டார் என்றால் விற்பவரிடம் அவர் வாங்கிய ரசீதின் நகலைக் கேளுங்கள். அது இல்லையென்றால், யாரிடம் எப்போது வாங்கினார் என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று பிறகு தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும். நேர்மையான கடைக்காரர் அந்த வரியை எழுதித் தயங்காமல் தருவார். எழுதத் தயங்குகிறவரிடம் கிட்டார் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சொந்தமாகக் கிட்டார் வைத்திருப்பவர்கள், அது பழையதோ புதியதோ, இன்றே செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. தந்திகளைக் கழற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், முகப்பு மரத்தை நேராகவும் சாய்வாகவும் படம் எடுங்கள். கணு, கறை, ரேகை வளையும் இடம், பூச்சில் விழுந்த வெடிப்பு எல்லாவற்றையும் அருகில் வைத்து எடுங்கள். பின்புறம், பக்கவாட்டு, தலைப்பகுதி, கழுத்து உடலோடு சேரும் இடம், உள்ளே இருக்கும் லேபிள், வரிசை எண். திருகைக் கழற்றத் தெரிந்தால் ‘பாட்’ பாகத்தின் அடியில் உள்ள எண்களையும் எடுக்கலாம். படங்களை வாங்கிய ரசீதோடு சேர்த்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், தேதி தானாகவே பதிவாகிவிடும். நம்பிக்கையான ஒருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.